இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே வண்டியுடையவையா?

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கெஸல் கார்கள் வைத்திருக்கும் நண்பர்களுக்கும், அவற்றைக் கழற்றி மாட்டித் தரும் பட்டறைக்காரர்களுக்கும்,

தெருவில் ஒரு ஹெரால்டு போனால் அது யார் வீட்டு வண்டி என்று சொல்லிவிடுகிற அளவுக்குத்தான் நாம் இருக்கிறோம். அந்த நெருக்கத்தின் உரிமையில் எழுதுகிறேன். இந்த வருடம் உங்களில் சிலர் வண்டியை பெயிண்ட் வேலைக்கு விடப் போகிறீர்கள். ஒருவர் சீட் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. எல்லாம் நல்லபடி நடக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிற சாமான்களுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இடது பக்கம் என்ன மாட்டியிருக்கிறது, வலது பக்கம் என்ன மாட்டியிருக்கிறது, இரண்டும் ஒரு சோடிதானா என்று பாருங்கள். என் வண்டியில் அவை சோடி இல்லை. அது எனக்குத் தெரியவந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடிப் பெருக்குக்கு மறுநாள் காலை. சிந்தாமணியில் காவிரிப் பாலம் ஏறி மாம்பழச்சாலையில் இறங்கி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பின் சீட்டில் பேத்தி. அம்மா மண்டபம் சாலையில் ஒரு வேன் குறுக்கே நின்றது. வண்டியைப் பின்னால் எடுத்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். இடது முன் மூலை தரையில் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் மட்கார்டுக்குள் சாய்ந்து மடங்கிக் கிடந்தது. அப்போது வண்டி நடக்கிற வேகத்தில்தான் நகர்ந்துகொண்டிருந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்பு பாலத்தின் மேல் ஐம்பதில் வந்திருக்கிறேன். ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி ஒரு முறை தூக்கிப் போட்டது. பேத்தி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பல இரவுகள் எனக்கு அந்தப் பாலம்தான் கண்ணில் வந்தது.

உடைந்தது வெர்டிகல் லிங்க். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹெரால்டின் முன் சக்கரத்தை மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம் பிடித்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து நிற்கிற எஃகுத் தண்டுதான் வெர்டிகல் லிங்க். அதன் மேல்முனையில் பால் ஜாயிண்ட். கீழ்முனையில் இன்னொரு பால் ஜாயிண்ட் இருக்கும் என்று நினைப்போம். அங்கே இருப்பது டிரனியன்: வெண்கலச் சாதி உலோகத்தில் செய்த ஒரு கட்டை, அதன் உள்ளே மரை. லிங்கின் அடியில் வெளிமரை. லிங்க் அந்தக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் லிங்க் அந்த மரைக்குள்தான் சுழன்று வருகிறது. ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பக்கத்து முன்பாரம் முழுவதும் இந்த மரைகளின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. சுழலவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும்.

இதில்தான் சோடி என்ற விஷயம் வருகிறது. ஒரு பக்கத்து மரை வலது மரை, மறுபக்கத்து மரை இடது மரை. கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்றுக்கு மற்றது எதிர். லிங்கும் அப்படி, டிரனியனும் அப்படி. கையில் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தால் மரைக் கோடுகள் வலப்பக்கமாக ஏறினால் வலது மரை. இடப்பக்கமாக ஏறினால் இடது மரை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாதீர்கள். டப்பாக்கள் கை மாறுகின்றன, சாமான் இடம் மாறி அதில் ஏறுகிறது.

நான் துவாக்குடியில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் தரப் பரிசோதனையில் வேலை பார்த்தவன். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் என் கையை விட்டு இறங்கியதில்லை. வெளியே போகிற ஒவ்வொரு சாமானையும் அளந்து கையெழுத்துப் போட்ட நான், அப்பாவிடமிருந்து வந்த வண்டியின் அடியில் ஒரு தடவைகூட வெர்னியரை வைத்துப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. விபத்துக்கு மூன்று மாதம் முன்பு சஸ்பென்ஷன் முழுவதும் பார்த்தாயிற்று என்று சொல்லி ஒரு பட்டறை வண்டியைத் திருப்பித் தந்தது. வீல் அலைன்மென்ட் எடுத்த இடத்தில் எல்லா எண்ணும் பச்சையில் அச்சிட்ட சீட்டும் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு பொய்யில்லை. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதுதான் அந்த மெஷினுக்குத் தெரியும். அந்தக் கோணத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது எது என்று அதற்குத் தெரியாது.

வண்டியை வீட்டுத் திண்ணைக்கு முன்னால் கட்டையில் ஏற்றி இரண்டு பக்கத்தையும் கழற்றிக் கோணியில் பரப்பினேன். உடைந்த லிங்கின் முகத்தில் முக்கால் பங்கு பழுப்பு, கால் பங்கு பளபளப்பு. பழுப்பாக இருந்தது பல மாதமாக, ஒருவேளை வருடக்கணக்காக, கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து தண்ணீர் இறங்கித் துருவேறிய விரிசல். பளபளத்தது அன்று காலை பிரிந்தது. மரை தொடங்கும் இடத்தில், டிரனியனின் வாய்க்குச் சற்று மேலே உடைந்திருந்தது. ஹெரால்டு குடும்பத்து லிங்குகள் உலகம் முழுவதும் உடைகிற இடம் அதுதான். வண்டியை நிறுத்தித் திருப்பும்போது அங்கே விசை கூடுவதால், பல வண்டிகளில் மெதுவாகத் திருப்பும்போதே உடைகிறது.

இடது டிரனியன் கம்பெனியில் வந்ததில்லை. யாரோ கைத்திறமை உள்ளவர் லேத்தில் கடைந்தது. இடது மரையைச் சரியாகவே வெட்டியிருந்தார். ஆனால் சாதாரணப் பித்தளையில் வெட்டியிருந்தார், மரையின் ஆழமும் கொஞ்சம் குறைவு. லிங்க் அதற்குள் இறுக்கமாகச் சுழன்றிருக்கிறது. அந்த இறுக்கத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் தாங்கியது லிங்கின் கழுத்து. உள்ளே கெட்டிப்பட்ட பழைய கிரீஸ். கம்பெனிப் புத்தகம் அந்த இடத்துக்குச் சொன்னது கியர் பெட்டிக்கு ஊற்றுகிற ஈபி 90 ஆயில். கிரீஸ் மரையின் ஆழம் வரை இறங்குவதில்லை, வாயிலேயே நின்று காய்ந்துவிடுகிறது. ஆயில் இறங்கும், தண்ணீரையும் வெளியே தள்ளும். நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை எடுப்பது நம் எல்லோர் கைப்பழக்கம். ஹெரால்டில் அந்தப் பழக்கத்தை விடத்தான் வேண்டும்.

வலது பக்கம் பழைய அசல் சாமான், தேய்ந்தது, ஆனால் சரியானது. இடது ஸ்பிரிங்கில் ஒரு சுற்று குறைவு. மேல்முனையில் ஹாக்சா பட்ட தழும்பு. உயரத்தைச் சரிக்கட்ட அதன் மேல் ஓர் இரும்பு வளையம். மேல் பால் ஜாயிண்ட் வேறு ஏதோ வண்டியுடையது. அதன் கூம்பு உட்காருவதற்காக ஓட்டையைத் துருவியிருந்தார்கள். மசி தடவிப் பொருத்தி எடுத்துப் பார்த்தேன். ஒரு விளிம்பில் மட்டும் மசி பட்டிருந்தது. கூம்பு முழுவதும் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு வளையத்தின் மேல்தான் அது நின்றிருக்கிறது.

இத்தனையோடும் வண்டி நேராகவே ஓடியது. கையை விட்டாலும் பக்கம் இழுக்கவில்லை. நான் சொல்ல வந்ததே இதுதான், நண்பர்களே. ஒரு சாமான் பொருந்துவது வேறு, அது சோடியாக இருப்பது வேறு. நம் ஊரில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சுலபம், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் கையில் பொருந்தாத சாமான் என்று ஒன்று கிடையாது.

யோசித்துப் பாருங்கள். 1920களின் கடைசியில் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. அறுபதுகளில் திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை வந்தது. அதைச் சுற்றி துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் நூற்றுக்கணக்கான சிறு தொழிற்கூடங்கள். ஒரு தலைமுறை முழுவதும் லேத்திலும் வெல்டிங்கிலும் வளர்ந்தது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த ஊர் இது. இந்த ஊரில் ஹெரால்டுக்கு ஒரு டிரனியன் கிடைக்கவில்லை என்றால் மாலைக்குள் ஒன்றைக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். காயலான் கடையில் கிடந்த இன்னொரு வண்டியின் பால் ஜாயிண்டைத் துருவி உட்கார வைத்துவிடுவார்கள். அந்தத் திறமையால்தான் நம் வண்டிகள் ஐம்பது வருடம் ஓடின. அதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தத் திறமை விட்டுப் போன தடங்களை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. யாரும் அவற்றை எழுதி வைக்கவில்லை.

வண்டி எப்படி இந்தக் கதிக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஹெரால்டு நம் மாநிலத்தின் கார். 1948இல் மெட்ராஸில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் இதைச் செய்தது. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்த வண்டி, இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உருவம், 948 சி.சி. எஞ்சின். 1961இல் நம் நாட்டில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக வந்தது. முதலில் இறக்குமதிச் சாமான்கள் அதிகம். போகப்போக உள்நாட்டிலேயே வார்த்தார்கள், அடித்தார்கள், கடைந்தார்கள். பிறகு நான்கு கதவு வைத்தார்கள். 1972இல் கெஸல். அதில் பின் அச்சை மாற்றினார்கள், முன்பக்கம் ஹெரால்டின் வம்சம்தான். எழுபதுகளின் பிற்பகுதியில் கார் நின்றது. பிறகு 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்து சில வருடத்தில் அதுவும் நின்றது. அதோடு கம்பெனி ஸ்பேர்ஸ் என்ற பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு வண்டி இன்னொரு வண்டியைத் தின்று பிழைத்தது. நம் வண்டிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு இரண்டு மூன்று வண்டிகள் இருக்கின்றன.

அப்பா ஏன் அம்பாசடரோ ஃபியட்டோ வாங்காமல் இதை வாங்கினார் என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருபத்தைந்து அடி வட்டத்தில் திரும்பிவிடும் வண்டி. உத்தர வீதி மூலையிலும், மார்கழியில் கூட்டம் நிற்கும் கோயில் வாசல் பக்கத்திலும் வேறு எந்தக் காரும் இரண்டு தடவை பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டிய இடத்தில் இது ஒரே வீச்சில் திரும்பும். சித்திரைத் தேர் மூலையில் திரும்ப முட்டுக்கட்டை போட வேண்டும், என் வண்டிக்கு வேண்டாம் என்று பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பது இந்த டிரனியன்தான். சக்கரம் எவ்வளவு அதிகமாக ஒடிகிறதோ அவ்வளவு தூரம் லிங்க் மரைக்குள் சுழல வேண்டும். நெடுஞ்சாலையில் நேராக ஓடுகிற ஹெரால்டைவிட ஸ்ரீரங்கத்து வீதிகளில் சுற்றுகிற ஹெரால்டின் டிரனியனுக்கு வேலை அதிகம். நம் வண்டிகளை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஹெரால்டில் ஒரு வசதி, பெரும்பாலான கார்களில் கிடைக்காது. பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தால் இரண்டு மட்கார்டும் அதோடு சேர்ந்து தூக்கிக்கொள்கின்றன. டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முன் சஸ்பென்ஷன் முழுவதும் கண்ணுக்கு எதிரே நிற்கும். டீசல் தொட்ட பிரஷால் இரண்டு பக்கத்தையும் கழுவுங்கள். கழுவாத வண்டியைப் பார்ப்பதில் பயனில்லை; ஐம்பது வருட அழுக்குக்கு அடியில் எல்லாச் சாமானும் ஒரே சாமான்தான். கழுவிய பிறகு இடதும் வலதுமாகப் போனில் படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் தெரியாத வேறுபாடு, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பத்து வினாடியில் தெரியும். ஒரு பக்கத்தைக் கழற்றி வேலை முடித்து மாட்டிவிட்டு மறுபக்கம் போகிற பழக்கத்தால்தான் இத்தனை வருடம் இது யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்து உயரம். நம் தெருக்கள் எல்லாம் சாக்கடையைப் பார்த்துச் சாய்ந்தவை. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பை வாங்கி நான்கு டயர் நிற்கும் இடத்தையும் மட்டம் பாருங்கள். முன் டயர்கள் இரண்டிலும் காற்று ஒன்றாக இருக்கட்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்காதீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷனை முழுக்க இறங்க விடாது. வண்டியை முன்னும் பின்னும் இரண்டு ஆள் தூரம் உருட்டி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விடுங்கள். பிறகு அளக்கலாம், ஆனால் மட்கார்டு விளிம்பிலிருந்து வேண்டாம். பலர் செய்கிற தவறு அது. ஹெரால்டில் பாடி தனி, சேஸிஸ் தனி. பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள், மட்கார்டோ பானெட்டின் பகுதி. பேனல் இடைவெளி சரிபண்ண யாராவது எப்போதோ நகர்த்தியிருப்பார்கள். கீழ் ஆர்ம் சேஸிஸில் மாட்டியிருக்கும் உள்பக்க போல்டின் மையத்திலிருந்து தரைக்கு ஓர் அளவு. அதே ஆர்மின் வெளிமுனையில் டிரனியன் போல்டின் மையத்திலிருந்து தரைக்கு இன்னோர் அளவு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். இரண்டு பக்கமும் அந்த எண் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். எனக்கு 14 மி.மீ. வித்தியாசம் வந்தது, அதுவும் இரும்பு வளையம் வைத்த பிறகு.

ஸ்பிரிங் விஷயத்தில் கண் ஏமாற்றும், ஆகவே வெர்னியர் வேண்டும். கம்பியின் கனத்தைப் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பிக் கனத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 12.5 மி.மீ. கம்பி இருந்தால், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலும், விறைப்பு 18 விழுக்காடு கூடிவிடும். அரை மில்லிமீட்டர்! வேலை செய்யும் சுற்றுகள் எட்டில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 14 விழுக்காடு கூடும். அறுத்தவர் வண்டியைத் தாழ்த்துவதாக நினைத்திருப்பார். அவர் செய்தது அந்தப் பக்கத்தை முரடாக்கியது. இங்கிலாந்திலிருந்து தருவிக்கும் ஸ்பிரிங்குகளிலும் கவனம் வேண்டும். இதே முன்பக்கத்தை ட்ரையம்ஃபின் ஸ்பிட்ஃபயருக்கும் ஆறு சிலிண்டர் விட்டெஸ்ஸுக்கும் போட்டிருக்கிறார்கள். உருவத்தில் அண்ணன் தம்பி, பாரத்தில் வேறு.

ஷாக் அப்சார்பர் இரண்டும் ஒரே கம்பெனியா, ஒரே எண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

போல்ட்டுகளில் கொஞ்சம் நில்லுங்கள். நம் வண்டி அங்குல வண்டி, யு.என்.எஃப். மரை. இன்று காந்தி மார்க்கெட் பக்கம் எந்தக் கடையில் கேட்டாலும் கையில் வைப்பது மில்லிமீட்டர் போல்ட். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; 8 மி.மீ. போல்ட்டும் அதுவும் கையில் பிடித்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றில் அங்குலத்துக்கு இருபத்து நான்கு மரை, மற்றதில் 1.25 மி.மீ.க்கு ஒரு மரை. நட் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அது இறுகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவோம், அல்லது நீள ஸ்பேனர் போட்டு மரையை அழிப்போம். முன்பக்கத்து ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் அங்குல ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். ஆடினாலோ ஏறாவிட்டாலோ அந்த இடத்தில் முன்பு யாரோ வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு உண்மையான தடயம் கொடுத்தவை போல்ட்டுகள்தான். இடது பக்கத்தில் ஏழு மில்லிமீட்டர் போல்ட்; வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. எந்தப் பக்கத்தில் முன்பு கை பட்டிருக்கிறது என்று அவையே சொல்லிவிட்டன.

ஆர்ம்களைச் சேஸிஸில் மாட்டுகிற இடத்தில் ஷிம் தகடுகள் இருக்கும். கழற்றும் முன் இடது முன், இடது பின், வலது முன், வலது பின் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் ஒன்று, மறுபக்கத்தில் ஐந்து என்றால் ஆர்மோ சேஸிஸோ எங்கோ வளைந்திருக்கிறது, அதை ஷிம் போட்டு மறைத்திருக்கிறார்கள்.

கடைசியாக டிரனியன். போல்ட்டை எடுத்து லிங்கிலிருந்து கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணுங்கள். மாட்டுகிற முறை, கடைசி வரை திருகி, இரண்டு பக்கமும் ஸ்டீயரிங் முழுக்க ஒடியும் அளவுக்கு மட்டும் பின்னால் எடுப்பது. ஆகவே இரண்டு பக்கமும் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். ஒரு பக்கம் இரண்டு மூன்று சுற்று குறைவாக வந்தால் அந்த லிங்க் பாதி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். துடைத்து, ஆயில் தொட்டு, கையால் திருகிப் பாருங்கள். முழுச் சுற்றிலும் ஒரே மென்மையாக ஓட வேண்டும். ஓரிடத்தில் பிடித்தால் அந்தச் சோடி சோடியில்லை. லிங்கின் மரைக் கழுத்தில் குழிவிழுந்த துரு இருந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அந்த லிங்கைத் திரும்ப மாட்டாதீர்கள். வெல்டிங் பண்ணி மீண்டும் மரை வெட்டித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். இந்த ஓர் இடத்தில் நம் ஊர்த் திறமையிடம் கேட்கக் கூடாது. அதைக் கேட்கிற உரிமை நமக்கு இல்லை. பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களின் உயிர் அது.

புதிது கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்கிறது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை இங்கிலாந்தில் தயாரானது. இந்த லிங்கையும் அதன் சகோதரச் சாமான்களையும் லோட்டஸ் கார்களிலும் சின்ன ரேஸ் கார்களிலும்கூடப் போட்டார்கள். ஆகவே அங்கே இன்றும் செய்கிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் டிஸ்க் பிரேக்குக்கான லிங்கைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். நம் வண்டிகள் டிரம் பிரேக். ஸ்டப் ஆக்ஸிலின் அளவும் எல்லா மாடலுக்கும் ஒன்றல்ல. தண்டில் அடித்து எழுந்து நிற்கும் எண்ணைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். அது அச்சில் அடித்தபோது விழுந்த எண், விற்பனை எண் வேறாக இருக்கும். உங்கள் பழைய சாமானின் அளவுகளை எழுதிப் படத்தோடு அனுப்பிக் கேளுங்கள். வாங்கினால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். தனியாளாக வாங்குவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து தருவித்தால் கப்பல் செலவு குறையும். அதற்கு நான் அலையத் தயார்.

ஒருவர் என்னிடம் கேட்டார்: "வின்டேஜ் பதிவு வாங்கப் போகிறோமே, அப்போது பார்க்க மாட்டார்களா?" 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி, ஐம்பது வயது தாண்டிய, அசல் உருவத்தில் இருக்கிற வண்டிக்கு 'விஏ' எழுத்தோடு எண் தருகிறது, 20,000 ரூபாய், பத்து வருடம். அந்த விதி பேசுவது சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையாவது மாற்றியிருக்கிறோமா என்பதைப் பற்றி. நம் இடது டிரனியன் பித்தளையா வெண்கலமா என்று பார்ப்பது நம் வேலை.

பட்டறைத் தோழர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஹெரால்டு உங்களிடம் வரும்போது அவசரத்தில் வரும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், சனிக்கிழமை வண்டி வேண்டும் என்போம். நீங்களும் கையில் இருப்பதை வைத்து ஓட்டிவிடுவீர்கள். ஓட்டிவிடுங்கள், ஆனால் என்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். "இடது டிரனியன் லேத்தில் செய்தது, மாற்ற வேண்டும், இன்ன தேதி." அவ்வளவு போதும். என் வண்டியில் அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால், எந்த வருடம் எழுதியிருந்தாலும் நான் மாற்றியிருப்பேன். நீங்கள் வயதில் என்னைவிடச் சின்னவர்கள், வேலையில் என்னைவிடப் பெரியவர்கள். உங்கள் கையெழுத்து அந்தச் சீட்டில் இருப்பது உங்களுக்குக் குறைச்சல் என்று நினைக்காதீர்கள்.

அம்பாசடர் வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். உங்கள் வண்டியில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி, டார்ஷன் பார். வருடக்கணக்காக ஒரே திசையில் முறுக்குண்டு பழகிய கம்பி அது. இடது கம்பியை வலப்பக்கம் மாற்றிப் போட்டால் எதிர்த் திசையில் முறுக்கேறும், ஒரு நாள் ஒடியும். கழற்றும்போதே இடது, வலது என்று பெயிண்டால் எழுதிவிடுங்கள்.

வருகிற புரட்டாசி முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு என் வீட்டு வாசலுக்கு வாருங்கள். தெருவில் அந்த நேரத்தில் வண்டி நடமாட்டம் இருக்காது. தண்ணீர் டியூப், வெர்னியர், அங்குல ஸ்பேனர் செட், ஒரு டின் ஈபி 90 ஆயில், ஆயில் கன் எல்லாம் எடுத்து வைத்திருப்பேன். ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம் கோடு போட்டிருக்கிறேன், இடப்பக்கத்தில் இடது, வலப்பக்கத்தில் வலது. முதல் பக்கத்தில் என் வண்டியின் கணக்கு இருக்கிறது, உடைந்த லிங்கின் படத்தோடு. கழுவிய வண்டியோடு வாருங்கள். காபி என் வீட்டில்.

அன்புடன்,
பழைய ஹெரால்டு ஒன்றின் இரண்டாம் தலைமுறை,
ஸ்ரீரங்கம்.